படிவம் 95-இல் ஒரு வாள்

பொருளின் விவரம் என்ற கட்டத்தில்
அரிவாள், அரிவாள் என்றே எழுதிப் பழகிய கை
நின்றுவிட்டது.

வீரவநல்லூர் காவல் நிலையம், இரவு பதினொன்றே கால்.
மேசையில் கிடக்கிறது முப்பத்தொன்பது அங்குலம்,
கறுப்புக் கயிறு வரிந்த பிடியோடு.
அரிவாளுக்கு மூக்கில்தான் வளைவு.
இதற்கு உடம்பு முழுக்க.

நேற்று கன்னடியன் கால்வாய்ப் பாலத்தடியில்
சிவனணைந்த பெருமாள், வயது இருபது,
பிறந்தநாள் கேக்கை இதனால் வெட்டினான்.
மேளம் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு
நாலு பேர் போனில் ஏற்றினார்கள்.
விடியுமுன் எஸ்.ஐ. மேடம் பார்த்துவிட்டார்.

"வெட்டாது சார்" என்கிறான் பெஞ்சிலிருந்து.
"கேக்கே பிஞ்சுதான் வந்துச்சு.
ஆன்லைன்ல ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது.
சாமுராய் வாள் சார். சும்மா அழகுக்கு."

அழகுக்கு என்று ஒரு கட்டம்
படிவத்தில் இல்லை.

உச்சியில் முடிந்திருக்கிறான் தலையை.
விடிய விடிய ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பானாம்.
சாமுராய்கள் மெட்ராஸ் பாஷை பேசுவதில் மட்டும்
அவனுக்கு வருத்தம்.

சரியான பேர் வேண்டுமே என்று போனில் தேடினேன்.
பேர் கிடைத்தது. கூடவே ஒரு தேதி:
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, மார்ச்.
இனி எவனும் இடுப்பில் வாள் செருகக் கூடாது,
படையாளும் போலீசும் நீங்கலாக.

போலீசும் நீங்கலாக.
இரண்டு தரம் வாசித்தேன்.

அதற்கு முந்தின இருநூறு வருஷம் பெரிய சண்டையே இல்லையாம்.
இரட்டை வாள் செருகியவர்களில் எத்தனையோ பேர்
உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள்.
அரிசியில் சம்பளம், மூட்டைக் கணக்கு,
கரை உடைந்தால் மேலே ஓர் அறிக்கை.
உத்தரவுக்குப் பிறகு சிலர் போய்ச் சேர்ந்த இடம்
டோக்கியோவில் போலீஸ் வேலை.
அவர்களில் ஒருத்தனாவது
என்னைப்போல ரைட்டராக இருந்திருப்பான்.
இடது இடுப்பில் கனம் போய்
கொஞ்ச நாள் வலப்பக்கம் சாய்ந்து நடந்திருப்பான்.

இந்தச் சீமைக்கும் வந்தது அப்படி ஒன்று,
அவர்களுக்கு எழுபத்தைந்து வருஷம் முன்னாடியே.
கோட்டைகளை இடித்த கையோடு
ஈட்டி, வல்லயம், துப்பாக்கி எல்லாம்
ஒப்படைக்கச் சொல்லி.
வரிசையாக எழுதி வாங்கியவன் எவனோ,
நல்ல கையெழுத்தாக இருந்திருக்கும்.
காவல் கூலி வாங்கிய எங்கள் ஆள் ஒருவன் பேர்
அதில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் சப்-ஜெயில் வார்டராக இருந்த அப்பா,
அவருடைய பெல்ட்.

"ஏலே, இதுல என்ன எழுதியிருக்கு?"
"வீரம் சார்."
போன் கேமராவைக் காட்டினேன்.
ட்யூப்லைட்டில் ஒருதரம் மழை என்றது.
கை அசைந்ததும் மீன் என்றது.
"அந்நிய எழுத்து, இரண்டு" என்று போட்டேன்.

மேடம் எட்டிப் பார்த்தார்.
"வாள்னு எழுதுங்க ரைட்டர், போதும்.
காலையில அவன் முடியை வெட்டச் சொல்லுங்க.
சேரன்மாதேவி கோர்ட்டுக்கு இந்தக் கோலத்துல வேண்டாம்."

வாளை எடுத்தபோது சிரித்தவன்
இப்போது முழிக்கிறான்,
உச்சி முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு.
அங்கே குடுமிதான் முதலில் போனது,
வாள் ஐந்து வருஷம் கழித்து.
சொல்ல நினைத்தேன்.
டீ வாங்கிக் கொடுத்தேன்.

முத்திரை வைக்க அரக்கு இல்லை.
காலையில்தான் கடை திறக்கும்.
பதினேழு அரிவாள் துருவேறும் அறைக்குள்
இதைப் பிரித்தபடி வைக்க மனசில்லாமல்
மேசையிலேயே விட்டேன்.

இரண்டு மணிக்குக் கண் விழித்தால்
கூரில்லாத விளிம்போரம் எறும்புச் சாரை.
மழைக்குள்ளோ மீனுக்குள்ளோ
ஒட்டியிருக்கிறது கொஞ்சம் க்ரீம்.
சாட்சியப் பொருள்.
ஊதினேன்.

ஒன்றிரண்டு மட்டும் இறங்கி
என் பேனாப் பக்கம் வந்தன.